ரெய்டு என்னும் வட்டுக் கூட்டுறவு

ஒரு கலாசாலையின் செல்வம் யாது எனின், கட்டடங்களும் நூல்நிலையமும் விளையாட்டு மைதானமுமே பலர் கண்ணுக்குத் தோன்றும். இக்காலத்தில் இவற்றோடு வேறொன்றையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். அஃதாவது, அலுவலகத்தின் ஒரு மூலையில், குளிரூட்டிய சிற்றறை ஒன்றனுள், இரவும் பகலும் ஓய்வின்றி இயங்கிக்கொண்டிருக்கும் சர்வர் என்னும் பொறியாம். மாணாக்கர் பெற்ற மதிப்பெண்களும், கட்டணக் கணக்குகளும், ஆராய்ச்சி செய்வோர் பல்லாண்டு உழைத்துத் திரட்டிய அளவைகளும், ஒளிப்படமாக எடுத்து வைக்கப்பெற்ற ஏட்டுச் சுவடிகளும் அதனுள்ளே உறைகின்றன. இன்று பயில்பவர் ஒருவர் முப்பது ஆண்டு கழித்துத் தம் மதிப்பெண் சான்றின் படியை வேண்டி வருங்கால், எழுத்தர் பேரேட்டைப் புரட்டப் போவதில்லை, இப்பொறியையே வினவுவர். அது விடை தாராதாயின், அம்மாணவர் ஈண்டுப் பயின்றார் என்பதற்கே சான்று இல்லாது போகும்.

இத்துணைப் பொறுப்புடைய பொறி தன் செய்திகளை எழுதி வைப்பது வட்டுக்களில். வன்வட்டு என்பது நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தகடுகளும், அவற்றின்மேல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளி விட்டு மிதக்கும் முனைகளும் உடையது. பழுதடையாத வட்டு உலகில் இல்லை. அது பழுதடையும் நாளை முன்னறிந்தாரும் இல்லை. அசையும் உறுப்பு யாதுமில்லாத எஸ். எஸ். டி. வட்டுக்களும் இவ்விதிக்கு விலக்கல்ல. ஆகவே ஒரு வட்டு இறந்துபட்டாலும் செய்தி இறவாதிருக்கும் உபாயம் வேண்டப்பட்டது. அவ்வுபாயங்களுள் மிகப் பரவியது ரெய்டு என்பதாகும். அது யாது, அதன் வகைகளுள் எதனை எப்பணிக்குக் கொள்ளல் வேண்டும், கொண்டபின் சேமிப்புப் பகுதிகளை எங்ஙனம் வகுத்தல் வேண்டும், யாவற்றினும் மேலாக அஃது எவற்றைக் காவாது என்பனவற்றை இக்கட்டுரையில் நாம் கூறப் புகுகின்றோம். கணிதத்தில் ஆழ்ந்த பயிற்சி இல்லாதாரும் இதனை விளங்கிக்கொள்ளலாம்.

தோற்றம்

சுழலும் வட்டில் செய்தியைச் சேமிக்கும் முறையை 1956-ஆம் ஆண்டில் ஐ. பி. எம். நிறுவனத்தார் முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். அப்பொறியில் இரண்டடி விட்டமுள்ள தகடுகள் ஐம்பது இருந்தன. அவை யாவும் சேர்ந்து ஐம்பது லட்சம் எழுத்துக்களையே தாங்கின. பின்னர் முப்பது ஆண்டுகளில் பெரிய கணிப்பொறிகளுக்கென விலையுயர்ந்த பெருவட்டுக்கள் ஒரு புறமும், மேசைமேல் வைக்கும் சிறு கணிப்பொறிகளுக்கென மலிவான சிறுவட்டுக்கள் ஒரு புறமும் பெருகின. அப்பொழுது அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டேவிட் பாட்டர்ஸன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர், ஒரு பெருவட்டிற்குப் பதிலாகப் பல சிறுவட்டுக்களைக் கூட்டி வேலை வாங்கினால் என்ன என்று ஆராய்ந்தனர். அவர்தம் கட்டுரை 1988-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மிகைக்காப்புடைய மலிவான வட்டுக்களின் அணி என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கூட்டியே அவர்கள் ரெய்டு என்று பெயரிட்டனர். மலிவான என்றிருந்த சொல்லை வணிகர்கள் பிற்காலத்தில் தனித்தனியான என்று மாற்றிக்கொண்டனர்.

அக்கட்டுரையில் நாம் கருத்தில் இருத்தத்தக்க கணக்கு ஒன்று உண்டு. ஒரு சிறுவட்டு சராசரியாக 30,000 மணி நேரம் பழுதின்றி உழைக்கும் என்று கொள்வோம். இது மூன்று ஆண்டிற்குச் சற்று மிகுதியாகும். அத்தகைய வட்டுக்கள் 100-ஐ ஒருங்கு பூட்டினால், அவற்றுள் யாதானும் ஒன்று பழுதடைவதற்குச் செல்லும் சராசரிக் காலம் 300 மணி நேரமேயாம். அஃதாவது இரண்டு வாரங்கூட ஆகாது. நூறு பேர் கூடி இழுக்கும் தேரில் ஒருவர் இளைத்தாலும் தேர் ஓடும். ஆனால் காப்பில்லாத வட்டுக் கூட்டத்திலோ, ஒன்று வீழ்ந்தால் அனைத்தும் வீழும். கூட்டத்தால் வேகமும் இடமும் பெருகுவதுபோலவே இடரும் பெருகுகின்றது. எனவே கூட்டத்தினுள்ளேயே காப்பினையும் வைத்துக் கட்டல் வேண்டும் என்பதே அவர்கள் கண்ட முடிவு.

மூன்று உபாயங்கள்

ரெய்டு வகைகள் பலவாயினும் அவற்றின் அடிப்படை உபாயங்கள் மூன்றே. முதலாவது பகுத்து எழுதுதல். ஒரு நீண்ட செய்தியைத் துண்டுகளாக்கி, முதற்றுண்டை முதல் வட்டிலும், அடுத்ததை அடுத்த வட்டிலுமாக முறையே எழுதிச் செல்வது. பலர் ஒரே நேரத்தில் எழுதுவதால் வேலை விரைவில் முடியும். இரண்டாவது இரட்டித்து எழுதுதல். ஒரே செய்தியை இரண்டு வட்டுக்களில் எழுதுவது. ஒன்று மற்றொன்றன் கண்ணாடி நிழல் போன்றது. மூன்றாவது காப்பெண் எழுதுதல். பாரிட்டி என்று வழங்கும் இதுவே சற்று நுட்பமானது. ஆதலின் ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

மூன்று வட்டுக்களில் 12, 7, 9 என்னும் மூன்று எண்கள் எழுதப்பட்டுள்ளன என்க. நான்காவது வட்டில் இவற்றின் கூட்டுத்தொகையாகிய 28-ஐ எழுதி வைப்போம். இரண்டாவது வட்டு பழுதுபட்டு 7 மறைந்தது. எஞ்சியவற்றை நோக்கி, 28-இலிருந்து 12-ஐயும் 9-ஐயும் கழித்தால், மறைந்த எண் 7 என்பது தானே வெளிப்படும். மூன்று வட்டுக்களின் செய்தியைக் காப்பதற்கு மூன்று மிகை வட்டுக்கள் வேண்டியதில்லை, ஒன்றே போதியதாயிற்று. இதுவே காப்பெண்ணின் சிறப்பு.

பொறி உண்மையில் இவ்வாறு கூட்டிக் கழிப்பதில்லை. ஒன்று, சுழி என்னும் இரு குறிகளைக்கொண்டே அது கணக்கிடும். முதல் வட்டில் 1011 என்றும் இரண்டாம் வட்டில் 0110 என்றும் இருப்பின், ஒவ்வோரிடத்திலும் ஒன்றுகளின் தொகை இரட்டைப்படையாகுமாறு மூன்றாம் வட்டில் 1101 என எழுதும். இரண்டாம் வட்டு மறைந்தால், மற்ற இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றுகள் ஒற்றைப்படையாயுள்ள இடத்தில் ஒன்றும், ஏனைய இடத்தில் சுழியும் இட்டால் 0110 மீண்டும் கிடைக்கும். இதனை அன்பர்கள் ஒரு தாளில் எழுதிச் சோதித்துப் பார்ப்பாராக.

இரண்டு வட்டுக்கள் ஒருங்கே மறைந்தால் யாது செய்வது? ஒரு சமன்பாட்டைக்கொண்டு இரண்டு அறியாப் பொருளைக் காண இயலாது என்பதைப் பள்ளிக்கணக்கிலேயே பயின்றுள்ளோம். ஆகவே இரண்டாவது காப்பெண் ஒன்று வேண்டும். முதலெண்ணை ஒன்றாலும், இரண்டாம் எண்ணை இரண்டாலும், மூன்றாம் எண்ணை மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் 12, 14, 27 சேர்ந்து 53 ஆகும். இப்பொழுது 7, 9 இரண்டும் மறைந்தாலும், எஞ்சிய 12-ஐக்கொண்டு, மறைந்தவற்றின் கூட்டுத்தொகை 16 என்றும், முன்னதன் இருமடங்கும் பின்னதன் மும்மடங்கும் சேர்ந்து 41 என்றும் அறியலாம். இவ்விரண்டு சமன்பாடுகளையும் தீர்த்தால் 7, 9 என்னும் எண்கள் வெளிப்படும். பொறிகள் கைக்கொள்ளும் கணிதம் இதனினும் நுண்ணியதாயினும், கருத்து இதுவே.

வகைகள்

இனி வகைகளைக் காண்போம். விளக்கத்தின் பொருட்டு, ஒரு கலாசாலை நான்கு வட்டுக்களுடைய சர்வர் ஒன்றை வாங்கியது என்றும், ஒவ்வொரு வட்டும் 8 டெராபைட் கொள்ளளவு உடையது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 32 டெராபைட் ஆகும்.

ரெய்டு 0 என்பது வெறும் பகுத்தெழுதுதல். 32 டெராபைட்டும் முழுதும் கிடைக்கும்; வேகமும் மிகும். ஆயின் காப்பு ஒரு சிறிதும் இல்லை. நான்கினுள் ஒன்று வீழ்ந்தாலும் அனைத்துச் செய்தியும் அழியும். அதன் பெயரிலுள்ள சுழியே அதன் காப்பின் அளவைக் குறிக்கின்றது எனலாம்.

ரெய்டு 1 என்பது இரட்டித்தெழுதுதல். வட்டுக்கள் இரண்டு போதும். ஒன்றின் கொள்ளளவே பயனுக்கு வரும். மிக எளியது, எளிமையே அதன் வன்மை. ஒரு வட்டு வீழ்ந்தால் மற்றொன்றில் முழுச் செய்தியும் அவ்வாறே இருக்கும்.

ரெய்டு 2, 3, 4 என்பன இக்காலத்திற் பெரும்பாலும் வழக்கொழிந்தன. அவற்றுள் நான்காவது மட்டும் ஒரு பாடம் புகட்டுகின்றது. அதில் காப்பெண்கள் யாவும் ஒரே வட்டில் எழுதப்பட்டன. எந்த வட்டில் எதை மாற்றினாலும் காப்பெண்ணையும் மாற்ற வேண்டுமாதலின், அவ்வொரு வட்டின் வாயிலில் அனைவரும் காத்து நிற்கும்படியாயிற்று. ரெய்டு 5 அக்குறையைப் போக்கியது. இதில் காப்பெண்கள் எல்லா வட்டுக்களிலும் முறைவைத்துப் பகிர்ந்து எழுதப்படுகின்றன. வட்டுக்கள் மூன்றேனும் வேண்டும். ஒன்றன் இடம் காப்பிற்குச் செல்லும். நமது நான்கு வட்டுக்களில் 24 டெராபைட் பயன்படும். ஒரு வட்டு வீழ்ந்தாலும் செய்தி நிற்கும்.

ரெய்டு 6 என்பது இரண்டு காப்பெண்களை உடையது. வட்டுக்கள் நான்கேனும் வேண்டும். இரண்டன் இடம் காப்பிற்குச் செல்லும். நமக்கு 16 டெராபைட் கிடைக்கும். எந்த இரண்டு வட்டுக்கள் வீழ்ந்தாலும் செய்தி நிற்கும்.

ரெய்டு 10 என்பது இரட்டித்த இணைகளின்மேல் பகுத்தெழுதுதல். பத்து என்று படித்தாலும், ஒன்றும் சுழியும் சேர்ந்தது என்பதே பொருள். நமக்கு இதிலும் 16 டெராபைட்டே கிடைக்கும்.

தேர்வு

நான்கு வட்டுக்களில் ரெய்டு 6, ரெய்டு 10 ஆகிய இரண்டும் ஒரே இடத்தைத் தருமாயின், எதனைக் கொள்வது என்னும் வினா எழும். காப்பினை முதலில் எண்ணிப் பார்ப்போம். நான்கு வட்டுக்களிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் ஆறு சேர்க்கைகள் உண்டு. ரெய்டு 6 அவ்வாறனையும் தாங்கும். ரெய்டு 10 நான்கனைத் தாங்கும்; ஓர் இணையின் இரு வட்டுக்களும் ஒருங்கே வீழும் இரண்டு சேர்க்கைகளில் மடியும். காப்பில் ரெய்டு 6 மேம்பட்டது என்பது தெளிவு.

ஆயினும் எழுதும் வேகத்தில் நிலைமை மாறும். ரெய்டு 10-இல் ஒரு சிறு திருத்தத்தைச் செய்ய இரண்டு வட்டுக்களில் எழுதினால் முடிந்தது. ரெய்டு 5-இலோ, பழைய செய்தியைப் படித்து, பழைய காப்பெண்ணைப் படித்து, புதிய செய்தியை எழுதி, புதிய காப்பெண்ணை எழுத வேண்டும். ஆக நான்கு செயல்கள். ரெய்டு 6-இல் இவை ஆறாகும். பெரிய கோப்புக்களைத் தொடர்ச்சியாக எழுதுங்கால் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. கட்டணக் கணக்கும் மதிப்பெண் பதிவும்போல் ஆயிரம் சிறு திருத்தங்கள் ஓயாது நிகழும் இடத்தில் நன்கு புலப்படும்.

ரெய்டு 5 இடத்தை மிச்சப்படுத்துகின்றதே, அதனையே கொள்ளலாகாதோ எனின், இங்கே மீளமைப்பு என்னும் கட்டத்தைக் கருதுதல் வேண்டும். ஒரு வட்டு வீழ்ந்தபின் புதுவட்டு ஒன்றைப் பூட்டினால், பொறி ஏனைய வட்டுக்கள் அனைத்தையும் முழுதும் படித்து, மறைந்தவற்றைக் கணக்கிட்டுப் புதுவட்டில் எழுதும். 8 டெராபைட் வட்டினை விநாடிக்கு 200 மெகாபைட் வீதம் இடைவிடாது நிரப்பினாலும் 40,000 விநாடி, அஃதாவது பதினோரு மணி நேரத்திற்கு மேல் செல்லும். அதே வேளையில் அலுவலர்களின் பணியையும் பொறி செய்ய வேண்டியிருப்பின், ஒன்றிரண்டு நாட்களும் ஆகலாம். அக்கால முழுவதும் ரெய்டு 5 காப்பின்றி நிற்கின்றது. மற்றொரு வட்டு வீழ்ந்தால் யாவும் போயின. ஒரே நாளில் வாங்கி, ஒரே வெப்பத்தில் ஒரே வகை உழைப்புச் செய்த வட்டுக்கள் முதுமையையும் அடுத்தடுத்து எய்தக்கூடும் என்பதை மறத்தலாகாது. மீளமைப்பின் உழைப்பே தளர்ந்த வட்டிற்குக் கடைசிச் சுமையாகவும் அமையலாம்.

அன்றியும், வட்டு முழுதும் பழுதுபடாமலே ஓரிடத்தில் மட்டும் படிக்க முடியாமற் போதலும் உண்டு. விலை மலிந்த வட்டுக்கள் பலவற்றிற்கு, கோடி கோடி பிட்டுக்களைப் படிக்குமிடத்து ஒருமுறைக்கு மேற்படாது இப்பிழை நேரும் என்று அவற்றைச் செய்தோர் குறித்துள்ளனர். கோடி கோடி என்பது பெருந்தொகையாகத் தோன்றினும், அது 12.5 டெராபைட்டே. நமது ரெய்டு 5-ஐ மீளமைக்க 24 டெராபைட் படிக்க வேண்டும். அக்குறிப்பு மேல்வரம்பே, நடைமுறையில் வட்டுக்கள் இதனினும் நன்றாகவே உழைக்கின்றன. எனினும் பெருவட்டுக்களில் ஒற்றைக் காப்பை மட்டும் நம்புதல் தகாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

ஆகவே நாம் கூறும் முறை இதுவாகும். சர்வரை இயக்கும் மென்பொருளுக்குச் சிறு வட்டுக்கள் இரண்டைத் தனியே ஒதுக்கி ரெய்டு 1 ஆக்குக. மதிப்பெண், கணக்கு முதலிய ஓயாத சிறு திருத்தங்களுக்கு ரெய்டு 1 அல்லது ரெய்டு 10 கொள்க. சுவடிப் படங்களும் ஆராய்ச்சிக் கட்டுரைகளும்போல் ஒருமுறை எழுதிப் பன்முறை படிக்கும் பெருந்தொகுதிக்கு ரெய்டு 6 கொள்க. வட்டுக்கள் எட்டாயின் 64-இல் 48 டெராபைட் கிடைக்குமாதலின், இடத்தாலும் அது நட்டமன்று. மூன்று நான்கு சிறு வட்டுக்களே உடையதாய், மீளமைப்பு விரைவில் முடிவதாய், வேறிடத்தில் படியும் உள்ளதாயின் ரெய்டு 5-ஐக் கொள்ளலாம். மூலம் வேறிடத்தில் இருக்க, சில நாள் வேலைக்காக மட்டும் வைக்கும் படத்தொகுப்பு முதலியவற்றிற்கன்றி ரெய்டு 0-ஐக் கொள்ளற்க.

பகுதிகளை வகுக்கும் முறை

வகையைத் தெரிந்தபின் செயலில் இறங்குமுன் அறிய வேண்டுவன சில. வட்டுக்களை ரெய்டில் சேர்க்குங்கால் அவற்றில் முன்பிருந்த செய்தி அழிந்துபோம். ஆதலின் முதலில் அதனைப் பெயர்த்து வைத்தல் வேண்டும். வட்டுக்கள் ஒரே அளவினவாக இருத்தல் நன்று. அளவு வேறுபடின் மிகச் சிறியதன் அளவே யாவற்றிற்கும் கொள்ளப்படும். ஒவ்வொரு வட்டின் தொடரெண்ணையும் ஒரு சீட்டில் எழுதி அதன் அறையின் முகப்பில் ஒட்டி வைக்க. ஒரு வட்டு பழுதுபட்ட ரெய்டு 5-இல், அவசரத்தில் நல்ல வட்டினைப் பிடுங்கிவிட்டால், தொகுதி அப்பொழுதே நின்றுபோம்.

ரெய்டினை நடத்துவது கண்ட்ரோலர் என்னும் தனி அட்டையாகவும் இருக்கலாம். லினக்ஸ் முதலிய இயக்க மென்பொருளாகவும் இருக்கலாம். அட்டையாயின், எழுத வேண்டியவற்றை அது தன் நினைவில் சிறிது நேரம் வைத்திருக்கும். மின்சாரம் நின்றால் அவை அழியாதிருக்க அதற்கு மின்கலக் காப்பு உண்டா என்று பார்த்தல் வேண்டும். அட்டையே பழுதுபட்டால், பெரும்பாலும் அதே இனத்து அட்டையைத் தேட நேரும். மென்பொருள் ரெய்டாயின், வட்டுக்களைக் கழற்றி லினக்ஸ் உள்ள வேறொரு பொறியில் பூட்டினாலும் தொகுதியை மீட்டும் இணைக்கலாம். சிறு நிலையங்களுக்கு இஃது ஒரு பெரிய அநுகூலம்.

பின்னர் வட்டுக்களைத் தெரிந்து, வகையைக் குறித்து, துண்டின் அளவையும் குறித்துத் தொகுதியை ஆக்கல் வேண்டும். துண்டின் அளவு லினக்ஸில் இயல்பாக 512 கிலோபைட். தக்க காரணமின்றி இதனை மாற்ற வேண்டியதில்லை. தொகுதி ஆனவுடன் வட்டுக்களை ஒன்றோடொன்று இசைவிக்கும் வேலை பல மணி நேரம் நடைபெறும். அவ்வேலை முடிவதற்கு முன் தொகுதியைப் பயன்படுத்தலாமாயினும், காப்பு முழுமை பெற்றிராது. ஆதலின் வேறெங்கும் படியில்லாத பொருளை அதற்குள் வைத்தலாகாது.

தொகுதி ஆயத்தமானபின், அதனை வால்யூம் என்னும் சேமிப்புப் பகுதிகளாக வகுப்பது வழக்கம். ஒரு பெரு வயலை வரப்பிட்டுப் பிரிப்பது போன்றது இது. அலுவலகக் கணக்கிற்கு ஒன்று, மாணாக்கர் கோப்புக்களுக்கு ஒன்று, சுவடிப் படங்களுக்கு ஒன்று எனப் பிரித்தால், ஒருவர் தம் பகுதியை நிரப்பிவிட்டாலும் பிறர் பணி தடைப்படாது. முதல் நாளிலேயே இடமனைத்தையும் பங்கிட்டுவிடுதல் பெரும்பாலார் செய்யும் தவறு. எல். வி. எம். என்னும் முறையில் வகுத்த பகுதியைப் பிற்காலத்தில் பெருக்குதல் எளிது, சுருக்குதல் அரிது. ஆகவே தேவைக்கேற்பச் சிறிதாகத் தொடங்கி, மீதியை ஒதுக்கி வைத்து, வேண்டுமிடத்து வேண்டுமளவு கூட்டிக்கொள்க.

பகுதியின்மேல் கோப்புக்களை ஒழுங்குசெய்யும் முறைமையை அமைத்து, சர்வர் தொடங்குந்தோறும் அதனை அதற்குரிய இடத்தில் இணைக்குமாறு குறித்தல் வேண்டும். அங்ஙனம் குறிக்குங்கால், வட்டிற்குப் பொறி தற்காலிகமாக இடும் பெயரை எழுதாது, பகுதிக்கென்றே அமைந்த நிலையான அடையாள எண்ணை எழுதுக. முன்னது வட்டுக்களை இடம் மாற்றினாலும் புதியது சேர்த்தாலும் மாறக்கூடும். பின்னர் வலையின் வழியே அப்பகுதியை அடையும் உரிமையை, விண்டோஸ் பொறிகளுக்குச் சாம்பா என்னும் மென்பொருளாலும், லினக்ஸ் பொறிகளுக்கு என். எப். எஸ். என்னும் முறையாலும் அளிக்கலாம். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை அப்பொழுதே வரையறுத்தல் நன்று.

இவற்றிற்குப் பின் பலர் செய்யாது விடுவதும், நாம் மிகவும் வற்புறுத்துவதுமான செயல் ஒன்றுண்டு. மெய்யான செய்தியை உள்ளே வைப்பதற்கு முன், ஒரு வட்டினை வேண்டுமென்றே கழற்றிப் பார்க்க. பொறி எச்சரிக்கை அனுப்புகின்றதா? அவ்வெச்சரிக்கை யார் கைக்குச் சேர்கின்றது? மாற்று வட்டினைப் பூட்டினால் மீளமைப்பு எத்தனை மணி நேரத்தில் முடிகின்றது? இவற்றை அமைதியான நாளில் அறிந்து வைத்தவரே இடர்வந்த நாளில் கலங்கார். ஒரு வட்டு வீழ்ந்ததை எவரும் அறியாது, பல மாதம் கழித்து மற்றொன்று வீழும்போது அறிவதாயின், ரெய்டு இருந்தும் இல்லாததே. மாதம் ஒருமுறை வட்டுக்கள் முழுதையும் படித்துச் சரிபார்க்குமாறு பொறிக்கு ஆணையிடுதலும், மாற்று வட்டு ஒன்றை அலமாரியில் ஆயத்தமாக வைத்திருத்தலும் வேண்டும்.

ரெய்டு காவாதவை

இதுகாறும் கூறியவற்றால், ரெய்டு அமைத்தபின் செய்தி அழியாது என்று எவரேனும் கருதுவாராயின், அக்கருத்தை மாற்றுவதே இக்கட்டுரையின் முடிந்த நோக்கமாகும். ரெய்டு காப்பது வட்டின் பழுதிலிருந்து மட்டுமே. ஒரு வட்டு வீழ்ந்த நாளிலும் கலாசாலையின் பணி நில்லாது நடைபெறச் செய்வதே அதன் தொழில். ஆனால் எழுத்தர் ஒருவர் ஒரு கோப்பினைத் தவறாக அழித்தால், ரெய்டு 1 அவ்வழிவை இரண்டு வட்டுக்களிலும் உண்மையாக நிறைவேற்றும். ரெய்டு 6 அதற்கேற்றவாறு காப்பெண்களையும் திருத்தி வைக்கும். தீயோர் அனுப்பும் மென்பொருள் கோப்புக்களைப் பூட்டிப் பணம் பறிக்க முயலுங்காலும் அவ்வாறே. நன்மை தீமை அறியாது ஏவியதைச் செய்யும் ஊழியன் அது.

இதற்கு மெய்யான சான்று வேண்டின், ஜப்பான் தேசத்துக் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நிகழ்ந்ததை நோக்குக. அங்குள்ள பெருங்கணிப்பொறியில் படியெடுக்கும் பணியைச் செய்யும் நிரல் ஒன்றில், பழைய குறிப்புக்களை அழிப்பதற்கான பகுதி திருத்தப்பட்டது. அந்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தியது இடப்பட்டமையால், அழிக்கத் தகாதவற்றை அது அழிக்கத் தொடங்கிற்று. 77 டெராபைட் அளவுள்ள, ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புக்கள் மறைந்தன. பதினான்கு ஆராய்ச்சிக் குழுவினர் இழப்புற்றனர். அவருள் நான்கு குழுவினர்தம் செய்தியைப் படிகளிலிருந்தும் மீட்க இயலவில்லை. அங்கே வட்டொன்றும் பழுதுபடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. காக்கும் தொழிலுக்கென்று வைத்ததே கவனக்குறைவால் அழிக்கும் தொழிலைச் செய்தது.

அதே ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் பிரான்சு தேசத்து ஸ்திராஸ்பூர்க் நகரில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓ. வி. எச். நிறுவனத்தின் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. அதனுள் ஒவ்வொரு பொறியும் எவ்வகை ரெய்டினைக் கொண்டிருந்தாலும், ஒரே கூரையின் கீழ் இருந்த வட்டுக்கள் ஒருங்கே எரிந்தன. வேறிடத்தில் படி வைத்திருந்தார் சில நாளில் மீண்டனர், வையாதார் இழந்தனர்.

இவ்வுண்மை தமிழருக்குப் புதிதன்று. ஓலைச்சுவடி கறையானுக்கும் ஈரத்துக்கும் தீக்கும் இரையாகும் என்பதை அறிந்தே நம் முன்னோர் அதனைப் பெயர்த்தெழுதி வெவ்வேறு ஊர்களில் வைத்தனர். உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, பல இடத்துச் சுவடிகளை ஒப்புநோக்கியே செம்மை செய்தனர். ஓரூர்ச் சுவடியில் சிதைந்த இடத்தை மற்றோரூர்ச் சுவடி நிரப்பியது. அவையனைத்தும் ஒரே பெட்டியில் இருந்து, அப்பெட்டி எரிந்திருந்தால் என்னாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தகும்.

ஆதலின், ரெய்டின் மேலும் ஒரு கடமை உண்டு. அருமையான செய்திக்கு மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வலையோடு தொடர்பின்றிக் கழற்றி வைக்கப்படுமாயின் இன்னும் நன்று. கள்ளரின் கையும் நம் கைப்பிழையும் அதனை எட்டா. படி எடுத்தால் மட்டும் போதாது. ஆண்டிற்கு இருமுறையேனும் அதிலிருந்து சில கோப்புக்களை மீட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத படி, உறுதி செய்யப்படாத நம்பிக்கையே.

மாணாக்க நண்பர்களே! உங்களுள் பலர் நாளை ஒரு பள்ளியிலோ மருத்துவ நிலையத்திலோ வங்கியிலோ இத்தகைய பொறிக்குப் பொறுப்பாளராக அமர்வீர்கள். அப்பொழுது உம்மை நோக்கி, எந்த ரெய்டு சிறந்தது என்று வினவுவர். அவ்வினாவிற்கு உடனே விடை கூறாது, மூன்றனைத் திருப்பிக் கேளுங்கள். ஒரு வட்டு வீழ்ந்தால் எத்தனை மணி நேரம் பணி நின்றாலும் பொறுக்கலாம்? இங்குள்ள செய்தி சிறு திருத்தங்களாக மாறுவதா, பெருந்தொகுதியாக நிலைத்திருப்பதா? இக்கட்டடமே இல்லாது போனால் இதன் படி எங்கே உள்ளது? முன்னிரண்டு வினாவிற்கும் விடை கிடைத்தால், ரெய்டின் வகை தானே விளங்கும். மூன்றாவதற்கு விடை கிடைக்கும்வரை, வகை எதுவாயினும் உமது வேலை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். சான்றிதழ் வேண்டி வாயிலில் வந்து நிற்பவர்க்கு வட்டுக்களின் கணக்கைக்கொண்டு பயனில்லை. தம் பெயரும் மதிப்பெண்ணும் அங்கே இருக்கின்றனவா என்பது ஒன்றே அவர் அறிய விரும்புவது.